பழைய ஸ்கேன் இருக்கா?

கணையத்தில் வரும் கட்டிகளில் எது சாது, எது புற்று என்று ஸ்கேன் படங்களைக் காட்டி மேடை மேடையாக முழங்கியே தலை நரைத்தவர் பெரிய டாக்டர். வாங்கிய கேடயங்களுக்கென்றே வீட்டில் ஒரு அலமாரி. துடைக்கத்தான் ஆளில்லை.

வயிற்றுவலி என்று அவரே போய்ப் படுத்த அன்று, ஸ்கேன் மெஷின் அவர் கணையத்திலேயே ஒரு நீர்க்கட்டியைக் காட்டியது. திரைமுன் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். முழங்கியதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. கட்டியின் சுவர் ஒரு பார்வைக்கு மெல்லிசு, மறு பார்வைக்குத் தடிப்பு.

"நீயே சொல்லும்மா," என்றார் ஜூனியரிடம்.

"கணையக் குழாய் வீங்கல சார். கட்டிக்குள்ள சதை எதுவும் இல்ல. சுவர்தான் இடிக்குது. பழைய ஸ்கேன் இருக்கா சார்?"

அவரே நோயாளிகளை அதட்டிக் கேட்கும் கேள்வி. வருஷக்கணக்கில் வளராமல் கிடந்தால் பெரும்பாலும் சாது. வளர்ந்திருந்தால் கத்திதான்.

இருந்தது ஒன்று. பல வருஷங்களுக்கு முன்பு இடுப்புவலி என்று முனகியபோது மனைவி இழுத்துப்போய் எடுக்கவைத்தது. 'கிட்னியில் கல் இல்லை' என்றதும் இவர் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. சிடி அவளிடம். அவள், இவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், எப்போதோ மகள் வீட்டோடு தங்கிவிட்டாள். அவளுக்கு போன் போட்டார்.

"என்னங்க, நம்பரை மாத்திப் போட்டுட்டீங்களா?"

"இல்ல... அந்தப் பழைய ஸ்கேன் சிடி இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"ஒரு மாநாட்டுல காட்டணும்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"உங்க வயித்தையா? கூட்டம் வருமா?"

கூரியரில் வந்தது. துண்டுச்சீட்டு ஏதாவது இருக்குமோ என்று உறையைக் கவிழ்த்து உதறினார். சிடி மட்டும்தான்.

ஜூனியர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தாள். "அதே இடம், அதே சைஸ் சார். இத்தனை வருஷத்துல இம்மிகூட வளரல. இப்படி ஒரு சோம்பேறிக் கட்டிய நான் பார்த்ததே இல்ல. அப்பப்ப எட்டிப் பார்த்துக்கிட்டாப் போதும்."

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் போட்டார்.

"கூட்டம் வந்துச்சா?" என்றாள்.

"ரெண்டே பேர்."

"அடப்பாவமே."

ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு, ஏதோ இருந்தது என்று முதலில் சொல்லியிருக்க வேண்டுமே.

"சிடியத் திருப்பி அனுப்பிடுங்க. உங்ககிட்ட இருந்தா தொலைஞ்சிடும்."

"நேர்லயே கொண்டுவந்து..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டிருந்தாள்.