கூடத்து மஞ்சள் கோடு

இரண்டு அரசாங்கங்களும் கைகுலுக்கிக்கொண்டன. அதன் பலன் தையல்காரியின் வீட்டுக் கூடத்தில் மஞ்சள் பெயிண்டாக வந்து விழுந்தது. அளக்க வந்தவர்கள் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம், அடுப்படியும் தையல் மெஷினும் இவள் நாடு. அந்தப் பக்கம், அப்பா படுத்திருந்த அறை வேறு நாடு. கை கால் விழுந்து, வாய் பேச முடியாமல் கிடந்த மனிதர் கட்டிலை விட்டு அசையாமலே வெளிநாட்டுக்காரர் ஆகிவிட்டார். அவருக்கு இவளை விட்டால் வேறு நாதியில்லை.

பக்கத்துக்கு ஒரு காவலரைக் கூடத்தில் நிறுத்தினார்கள். எதிர்ப்பக்கம் முதலில் வந்தவன் நல்லவன். இவள் கோட்டின் மேல் வைக்கும் தட்டை எடுத்துப் போய்ப் பெரியவருக்கு ஊட்டிவிடுவான். நல்லவர்களை எந்த அரசாங்கம் ஓரிடத்தில் விட்டுவைத்திருக்கிறது? அவனை மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவன், எல்லையைப் பார்க்கத்தான் சம்பளம், ஊட்டிவிட இல்லை என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

இவள் எல்லை ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். அப்பா அந்த நாட்டுப் பிரஜை, அவரைத் தூக்கி வந்தால் ஆள் கடத்தல், இவள் போனால் ஊடுருவல் என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். தூதரகம் திறக்கட்டும், பார்க்கலாம் என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுக்க எதற்குத் தூதரகம் என்று கேட்டதற்கு, அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திறந்திருந்த கதவு வழியே அப்பாவின் உதடு வெடித்திருப்பது தெரிந்தது. கண் மட்டும் இவள் கையிலிருந்த செம்பை விட்டு நகரவில்லை. வருவது வரட்டும் என்று ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் வைத்தாள். எதிர்ப்பக்கத்தான் துப்பாக்கியைத் தூக்கினான். அதற்குள் இந்தப் பக்கத்துக் காவலர் இவள் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டார். செம்பு உருண்டது. தண்ணீர் முழுக்க இந்த நாட்டிலேயே கொட்டியது.

"உன் நல்லதுக்குத்தாம்மா இழுத்தேன்," என்றார் அவர். "அவன் சுட்டுட்டா ரெண்டு பக்கமும் பெரிய பிரச்சினையாயிடும்."

இவள் கோட்டோரம் உட்கார்ந்து அப்பாவிடம் எதையாவது பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சுக்கு யாரும் அனுமதிச் சீட்டு கேட்கவில்லை. மறுநாள் மதியம், பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கண் நிலைகுத்திப் போனது.

எதிர்ப்பக்கத்தான் போய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான். பிறகு இரண்டு காவலர்களும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர்கள் இத்தனை ஒற்றுமையாக இருந்து இவள் பார்த்ததில்லை. கட்டிலை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி, கோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து, தையல் மெஷின் பக்கத்தில் பதமாக இறக்கினார்கள்.

இவளுக்கு அழுகைகூட வரவில்லை. "நேத்தும் இதே கட்டில்தானே சார்?" என்று கேட்டாள்.

"நேத்து உசுரு இருந்துச்சேம்மா," என்றார் இந்தப் பக்கத்துக் காவலர், கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "ஆளை விடத்தான் தடை. இதை யாரு கேக்கப் போறா?"