மகாலட்சுமி மாற்றிய டயர்கள்

உறையூர் மகாலட்சுமி தன் மின்சார டாக்சியைச் சார்ஜில் போட்டுவிட்டு, குனிந்து டயர்களைப் பார்த்தாள். நான்கிலும் பள்ளங்கள் மறைந்து ரப்பர் வழுவழுவென்று இருந்தது. அடுத்த வாரம் வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும். டயர் மாற்றாமலேயே அதை வாங்கித் தருவதாகப் புரோக்கர் பாலு சொல்லியிருந்தார். போக்குவரத்து அலுவலகத்து ஆட்களைக் கொஞ்சம் 'கவனித்தால்' போதுமாம். எல்லோரும் செய்வதுதானே என்று அவளும் தலையாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்தில் ஆனந்தவள்ளி என்ற பெண் ஏறினாள். எட்டு மாதக் கர்ப்பிணி. தென்னூரில் ஸ்கேன் எடுக்கப் போகிறாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டான பிள்ளை என்று வழியிலேயே சொல்லிவிட்டாள்.

காவிரிப் பாலத்தில் ஏறியதும் மழை கொட்டியது. முன்னால் போன ஆட்டோ சட்டென்று நிற்க, மகாலட்சுமி பிரேக்கை அழுத்தினாள். வண்டி கேட்கவில்லை. தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போய்க் குறுக்காகத் திரும்பி நின்றது. பின்னால் வந்த டவுன் பஸ், ஆனந்தவள்ளி உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் தென்னூர் போய்ச் சேரும்வரை ஆனந்தவள்ளி வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

மகாலட்சுமி வேறு சவாரி எடுக்காமல் ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து ஆனந்தவள்ளி சிரித்த முகத்தோடு வந்தாள். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறதாம். மகாலட்சுமிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"நீங்க நல்லா ஓட்டினதாலதான் தப்பிச்சோம்க்கா" என்றாள் ஆனந்தவள்ளி.

அந்த நன்றியை மகாலட்சுமியால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"இல்லம்மா. டயர் தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சேதான் உங்கள ஏத்துனேன்."

ஆனந்தவள்ளியின் சிரிப்பு மறைந்தது. திரும்பிப் போக ஆட்டோ பிடித்துக்கொள்வதாகவும், டயரை மாற்றிவிட்டுச் சொன்னால் அடுத்த முறை வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கிருந்து நேராக முகம்மது கனியின் டயர் கடைக்குப் போனாள் மகாலட்சுமி. அவர் இரண்டு வகை டயர்களை எடுத்து வைத்தார். ஒன்று போட்டால் ஒரே சார்ஜில் கூடுதல் தூரம் ஓடும், ஆனால் ஈரத்தில் பிடிப்புக் குறைவு. மற்றது வெயில், மழை எல்லாக் காலத்துக்கும் ஆனது. அகலமான பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளிவிடும், ஓடும் தூரம் மட்டும் கொஞ்சம் குறையும்.

"எதுவானாலும் பேட்டரி வண்டி கனம் ஜாஸ்திம்மா. அந்த எடையத் தாங்குமான்னு டயரோட பக்கவாட்டுல போட்டிருக்கிற நம்பரப் பாத்துத்தான் வாங்கணும்" என்றார் கனி.

எண்ணையும் தயாரித்த தேதியையும் சரிபார்த்து, நான்குக்கும் இரண்டாவது வகையையே போடச் சொன்னாள்.

திரும்பும்போதும் மழை விடவில்லை. சிக்னலில் பிரேக்கைத் தொட்டதும் வண்டி கட்டிப்போட்டதுபோல் நின்றது. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டுப் பாலுவுக்குப் போன் செய்தாள்.

"யாரையும் கவனிக்க வேணாம்ண்ணே. வண்டிய நானே கொண்டுபோய்க் காட்டிக்கிறேன். லஞ்சம் குடுத்தா கையெழுத்து வேணா கிடைக்கும். மழை ரோட்டுல வண்டி நிக்காது. நம்மள நம்பி ஏறுறவங்க உயிர வச்சு நான் பேரம் பேசமாட்டேன்."