கோலுக்கு நிற்பவள்

ஓசூர் சிப்காட்டில் செல்போன் உதிரிபாகம் செய்யும் பெண்களுக்குள் கால்பந்துப் போட்டி நடந்தால், பந்தைத் துரத்த இருபது பேர் இருப்பார்கள். கோலுக்குத் தனியாக நிற்பவள் சௌமியா. அவளைத் தாண்டி ஒரு கொசுகூட வலைக்குள் போனதாகச் சரித்திரம் இல்லை. போன வருடம் அவள் உதைத்த பந்து மாநில எல்லையைக் கடந்து, அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றுவிட்டுத்தான் தரையிறங்கியது என்று எங்கள் தெருவில் சத்தியம் செய்வார்கள்.

அவள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் அகதி முகாமில் பிறந்தவள். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அம்மா பேசுவது வன்னித் தமிழ். மகள் பேசுவது அசல் ராயக்கோட்டைச் சந்தைத் தமிழ். இலங்கையை அவள் பார்த்ததில்லை. பிறந்த மண்ணில் குடியுரிமையும் இல்லை.

அவளை லண்டனிலிருந்து மாதவன் என்ற அணி அமைப்பாளர் வீடியோ காலில் அழைத்தார். நாடில்லாத இனங்களுக்கென்று ஐரோப்பாவில் ஒரு கால்பந்துக் கோப்பை. ஈழத்தமிழ்ப் பெண்கள் அணிக்குக் கோல்கீப்பர் வேண்டும். "எங்கட பிள்ளை நீங்கள், வாங்கோ" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

சௌமியாவோடு எட்டுத் தொழிலாளிப் பெண்கள் தங்கும் அறை அன்று மாலை ஐக்கிய நாடுகள் சபையாகிவிட்டது.

"நாடே இல்லாதவங்களுக்கு டீம் எதுக்குடி?" என்றாள் மத்தூர் சரிதா, தலையைப் பின்னிக்கொண்டே.

"சென்னைக்கு ஒரு டீம், பெங்களூருக்கு ஒரு டீம். ரெண்டும் என்னா நாடா?" என்றாள் தளி சுசித்ரா. "எங்க ஓசூர்ல பாதி வீடு இதுக்குக் கத்தும், பாதி வீடு அதுக்குக் கத்தும்."

"அது வேற" என்றாள் சரிதா. "இவ அந்த ஜெர்சிய போட்டுக்கிட்டு நின்னா, நாளைக்கு இங்க குடியுரிமை கேக்கறப்ப, உனக்குத்தான் நாடு இருக்குதேன்னு சொல்லிட்டா?"

ஆசை சௌமியாவுக்கு. கையுறையைக் கழற்றாமலே சோறு தின்றாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவளை எங்கள் பிள்ளை என்று எந்த ஊரும் அதுவரை சொன்னதில்லை.

அவள் சரி என்று சொல்வதற்குள் லைன் சூப்பர்வைசர் ராஜசேகர் சந்தோஷம் தாங்காமல் தெருமுனையில் பேனர் கட்டிவிட்டார். காதுகுத்துக்கே ஆளுயரப் படம் வைக்கும் ஊரில் சர்வதேச வீராங்கனையை விடுவார்களா? 'ஈழத்தின் இரும்புக்கரமே, வருக.' அதில் சௌமியாவின் முகம் ஒரு தக்காளி அளவு. வாழ்த்துவோர் முகங்கள் ஒரு லாரி லோடு. பேனரின் நிழலில் கர்நாடகத்தில் பாதி இருட்டிப் போனது.

மறுநாளே பேனர் விஷயமாக முகாமுக்கு விசாரிக்கப் போலீஸ் வந்துவிட்டது. அம்மா போன் செய்தாள்.

"மகள் எந்த நாட்டுக்கு விளையாடுறாள் எண்டு கேக்கினம். எனக்கென்ன தெரியும்? கோலுக்கு நிக்கிறவள் எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்புறம்?"

"எழுதிக்கொண்டு போயிட்டினம். நீ போனா உன்னைத் திரும்பி வர விடுவினமோ, பிள்ளை?"

"தெரியலம்மா."

"எனக்கு வேற ஆர் இருக்கினம்?"

ஞாயிற்றுக்கிழமை சௌமியாவே மாதவனை அழைத்தாள்.

"அண்ணா, நீங்க எந்த பாஸ்போர்ட்ல போறீங்க?"

"பிரிட்டிஷ், தங்கச்சி."

"மத்தவங்க?"

"கனடா, நோர்வே, சுவிஸ். ஏன் கேக்கிறியள்?"

"அப்ப நாடில்லாதவங்க டீம்ல நாடில்லாதவ நான் ஒருத்திதானா?"

மாதவன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அதுக்காகத்தான் எங்களுக்கெண்டு ஒரு டீம் வேணும்."

"வேணும் அண்ணா. இருக்கட்டும். நான்தான் வரல."

ஆட்டத்தன்று மற்ற ஏழு பேரும் பகல் ஷிப்ட். சௌமியா போனைத் தண்ணீர்க்குடத்தில் சாய்த்து வைத்தாள். திரையில் ஈழத்தமிழ் அணி வரிசையாக நின்றது. ஒரு பாட்டு ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் இந்திய தேசிய கீதத்தைத் தூக்கத்தில்கூடப் பாடியவள் அவள். இதில் ஒரு சொல்லும் தெரியவில்லை. எழுந்து நிற்பதா வேண்டாமா என்று கேட்கவும் அறையில் ஆளில்லை. நின்றாள்.

ஒன்றாம் எண் கோல்கீப்பர் சட்டையில் நோர்வேப் பெண் ஒருத்தி. எதிரணிக்காரி இடப்பக்கமாகப் பந்தோடு வந்தாள்.

"முன்னாடி வாடி. வா, வா" என்று சௌமியா போனைப் பார்த்துக் கத்தினாள்.

நோர்வேக்காரி வரவில்லை. பந்து உள்ளே போனது. அதை எடுத்துவர வலைக்குள் அந்தப் பெண் தனியாக நடந்தாள்.

"பரவால்ல, விடு" என்றாள் சௌமியா, வெறும் அறையில், சத்தமாக.