யோகேஸ்வரியின் நாலு நம்பர்

யோகேஸ்வரியின் மோட்டார் சைக்கிளை லோரி மோதித் தள்ளிய அன்று, உலு திராம் தாமான் குடியிருப்பில் அவள்மீது அக்கறைப்படாத வீடு ஒன்றுகூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு லெட்சுமணன். மைலோ டின்னைக் கட்டிலோரம் வைத்தார், கட்டுப் போட்ட காலைப் பார்த்து உச்சுக் கொட்டினார், பிறகு குரலைத் தாழ்த்தி, "மோட்டார் நம்பர் என்னம்மா?" என்றார்.

விபத்தில் சிக்கிய வண்டியின் நம்பரை நாலு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடையில் பணம் கட்டி எடுப்பது ஊர் வழக்கம். தாமானே எடுத்தது. பரிசு அடிக்கவில்லை. கால் முறிந்ததற்கு வருந்தியவர்கள் இதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே வருந்தினார்கள். ஒரு மாதம்வரை யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எட்டு மாதத்தில் கால் கூடிவிட்டது. மோட்டாரும் பட்டறையில் தேறி வீடு வந்தது. பயம் மட்டும் அப்படியே இருந்தது. லோரி ஹாரன் கேட்டால் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். புருஷன் ரூபேந்திரன்தான் காரில் வேலைக்குக் கொண்டுபோய் விட்டான். லோரி மோதிய சிக்னல் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள்.

"யோகேஸ், மோட்டார வித்துறலாம் லா. நாளைக்குக் காலையில ஆள் வராங்க" என்றான் அவன். தலையாட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. வண்டி போய்விட்டால் ஆயுசுக்கும் கண்ணை மூடிக்கொண்டேதான் அந்தச் சிக்னலைத் தாண்ட வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. ஆள் வருமுன் வண்டியை எடுத்தாள். சிக்னலில் பச்சை விழுந்தும் கை முறுக்க மாட்டேன் என்றது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள். ஹெல்மெட்டுக்குள் ஓவென்று அழுதாள். அடுத்த பச்சைக்கு அழுதுகொண்டே தாண்டினாள். பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்தில் மூக்கைச் சிந்திவிட்டு, அதே வழியாகத் திரும்பினாள்.

வீட்டுக் கேட்டருகே லெட்சுமணன் ஓடிவந்தார். "என்னம்மா, கண்ணெல்லாம் செவந்திருக்கு? விழுந்துட்டியா?"

"இல்லண்ணே."

அவர் முகத்தில் நிம்மதி வந்தது. லேசாக ஏமாற்றமும் வந்தது.

"ஏண்ணே, விழுந்தவ நம்பரத்தான் எடுப்பீங்களா? நான் சிக்னலத் தாண்டறப்ப மணி ஏழு நாப்பத்திரெண்டு. கோசோங் ஏழு நாலு ரெண்டு. எடுங்க."

அவர் 0742 என்று உள்ளங்கையில் கவனமாக எழுதிக்கொண்டார். மோட்டார் வாங்க வந்தவரை ரூபேந்திரன் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பிவைத்தான்.

ஞாயிறு காலை லெட்சுமணனின் முகம் தொங்கிப்போயிருந்தது. "அடிக்கலம்மா."

யோகேஸ்வரி ஹெல்மெட்டை மாட்டினாள்.

"இருங்கண்ணே. போயி சிக்னலத் தாண்டி இன்னிக்கு நம்பர எடுத்துட்டு வரேன்."