பத்துக்கு ஐந்து

அப்பாவுக்குக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள் மகள்.

"அத விடும்மா, அவனுக்கு மூச்சு முட்டும்," என்றார் சோடாபுட்டி. அப்பாவோடு முப்பது வருடம் தேர்தல் தேர்தலாக அலைந்த புகைப்படக்காரர். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கூடத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் இவனத் திட்டாத திட்டு இல்ல. இப்ப பாரு, யாரு வச்ச மலர்வளையம் பெரிசுன்னு அளந்துட்டிருக்கானுங்க," என்றார் சோடாபுட்டி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்திரிகைகள் அமர்த்திய ஒரு குழுவில், செய்தியாளர்களை எடைபோடுவதுதான் அவள் வேலை. தேர்தல் செய்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். எழுதியவர் பெயரை மறைத்துத்தான் தருவார்கள். மறைத்தால் ஆகிவிடுமா? கூட்டத்தில் தலைகளை விட்டுவிட்டுக் காலி நாற்காலிகளை எண்ணி எழுதுகிற ஆள் அப்பா ஒருவர்தான். இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. ஆள் தெரிந்துவிட்டால் வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அவள் கொடுக்கவில்லை. ஒன்பது போட்டாள். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. பெற்ற அப்பனுக்கு வாரிப் போட்டாள் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்களே! ஒன்பதை அடித்து ஐந்தாக்கி, 'ஒரு பக்கச் சாய்வு' என்று குறிப்பும் எழுதினாள், பாவி. அடுத்த வாரமே பத்திரிகை அவரைத் தேர்தல் பக்கத்திலிருந்து தூக்கிவிட்டது.

அது நடந்து நாற்பது நாள் ஆகிறது. இன்று காலை மேசையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

உள்ளறையில் அம்மா அந்த மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மேலெல்லாம் மஞ்சளேறிய செய்தித் துண்டுகள்.

"என்னம்மா இதெல்லாம்?"

"அவர் எழுதினதுதான். எல்லாத்தையும் இறக்கி வச்சு, விடிஞ்சதுலேர்ந்து படிச்சிட்டே இருப்பாரு. எங்க சாஞ்சேன்னு தேடுறேன்னாரு."

"கிடைச்சுதா?"

"எங்க கிடைச்சுது? ஆனா இருக்கும்னே சொல்லிட்டிருந்தாரு. பத்திரிகையில குடுத்த குறிப்பப் படிச்சதுமே உன் எழுத்துன்னு கண்டுபிடிச்சிட்டாரு. 'அப்பான்னு பாக்காம அஞ்சு போட்டிருக்கா, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் ஒரே பெருமை."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா..."

"சொல்லுடி."

அழுது வீங்கியிருந்த அந்த முகத்தில், அவரைப் பற்றிப் பேசிய அந்த ஒரு கணம் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அம்மா அவசரமாக மேசைக்கடியிலிருந்து நூல் கட்டிய செய்தித் துண்டுக் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது மட்டும் பாக்கி. கண்ணு மங்குது, மிச்சத்த அவளே பாத்துச் சொல்லட்டும்னு எடுத்து வச்சாரு."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.