‘வரேன்’ என்று அவன் சொல்லவில்லை

பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றக் கிளம்பியவனைப் பற்றிய ஆவணப்படம் அது. படம் ஆங்கிலத்தில் என்பதால், மிஷினில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு நான்தான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். படித்தவள் நான் ஒருத்தி. வெளியூர் வேலைக்கு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் ஆளில்லாத படகைக் காட்டினார்கள். அம்மா மிஷினை நிறுத்தினாள்.

“ஏன்டி, ஆளு எங்க?”

“கடல்ல விழுந்து செத்துட்டான்மா.”

“சும்மா உளறாத. பொண்டாட்டிகிட்ட போயிட்டு வரேன்னு சொன்னான்ல? நீதானடி சொன்ன!”

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. ‘போகிறேன்’ என்றுதான் சொன்னான். என் வாய்தான் பழக்கத்தில் ‘வரேன்’ சேர்த்திருக்கிறது. அதை நம்பி அம்மா ஒரு மணி நேரமாக அவன் திரும்புவதற்குக் காத்திருக்கிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் மேலா, அம்மா மேலா, நான் வாங்கிய பட்டத்தின் மேலா, தெரியவில்லை.

“அம்மா, எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. நான் போ...”

அம்மா காலரைத் திருப்பிப் போட்டாள்.

“எதுல? படகுலயா, பஸ்லயா?”

“பஸ்லதான்.”

“அப்ப முழுங்காம முழுசா சொல்லு.”

“போயிட்டு வரேன்மா.”

சொன்னது வாக்கா, வெறும் வாய்ப்பழக்கமா, எனக்கே விளங்கவில்லை.