பினாங்கு வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு

பினாங்கில் கடலைப் பார்த்தபடி பதினான்காவது மாடியில் ஒரு வீடு வாங்கியதிலிருந்து இராமகிருஷ்ணன் சிவகாசியில் யாரோடும் சாதாரணமாகப் பேசுவதை விட்டுவிட்டார். என்ன வெயில் என்று ஒருவர் சலித்துக்கொண்டால், "நம்ம பினாங்குல இந்நேரம் மழை" என்பார். எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் அவருக்குப் பட்டாசுக் கம்பெனி. ஊரெல்லாம் வேன் அனுப்பி ஆள் கூட்டி வந்து வருஷம் முழுக்க மருந்து இடிக்க வைத்தால், தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடக்கும் நாட்களில் அவர் ஒரு வாரம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். மிச்ச நாளெல்லாம் கடல்தான் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"கொண்டோ" என்று அங்கத்து வழக்கப்படிதான் சொல்ல வேண்டும். வீடு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவர் மனைவி சொர்ணலட்சுமி வீடு என்றே சொன்னாள்.

ஆடிட்டர் யோசனைப்படி அதை இரண்டு பேர் பெயரிலும் வாங்கியிருந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். அதோடு அவள் வேலை முடிந்தது. யார் தங்கலாம், யார் தங்கக் கூடாது என்பதெல்லாம் அவர் பாடு. யாரும் தங்கக் கூடாது என்பதுதான் அவர் போட்ட சட்டம். அக்காள் புருஷன் சங்கிலிமுத்து தன் மகனைக் கல்யாணம் முடிந்த கையோடு அங்கே ஒரு வாரம் அனுப்பலாமா என்று கேட்டதற்கு, "பெயின்ட் வேலை நடக்கு மச்சான்" என்றார். அங்கே சுவரைத் தொட ஆளில்லை.

சங்கிலிமுத்து சிரித்துவிட்டுப் போனார். சொர்ணலட்சுமியின் கூட்டாளி ஆரோக்கியத்தால் அப்படிப் போக முடியவில்லை.

ஆரோக்கியமும் சொர்ணலட்சுமியும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ஆரோக்கியம் இப்போது ஆமத்தூரில் டீச்சர். அவள் மகள் ஸ்வீட்டி நர்சிங் முடித்துப் பினாங்கில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரக் கிளம்பியபோது, தங்குவதற்கு இடம் அமையும் வரை மூன்று மாதம் அந்த வீட்டில் இருக்கட்டுமா என்று கேட்க வந்தாள். அதுவரை அவள் எதையும் கேட்டு அந்த வாசலுக்கு வந்ததில்லை. இராமகிருஷ்ணன் அவளை ஹாலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே பேப்பர் படித்தார். பிறகு வெளியே வந்து, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "அது ஹாலிடேக்கு உள்ள இடம் டீச்சர். சத்திரம் கணக்கா ஆள் வச்சா மதிப்புப் போயிரும்" என்றார். அவள் போன பிறகு மனைவியிடம், "வேதக்காரப் பிள்ளை. ஆஸ்பத்திரி வாடையோட வந்து படுத்து எந்திரிக்கும். செவத்துல சிலுவையை மாட்டும். பெறகு கெளப்புறது யாரு?" என்றார். சொர்ணலட்சுமி அன்று வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஆரோக்கியம் வரவில்லை. கிறிஸ்துமஸ் கேக் மட்டும் பள்ளிக்கூடத்துப் பியூன் கையில் வந்தது. சொர்ணலட்சுமி அதைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். அடுத்த தீபாவளிக்குள் ஆரோக்கியம் வீட்டுக்கு ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்று நினைத்தாள். எந்த முகத்தோடு போவது என்று தெரியாமல் தீபாவளியும் போனது.

அந்தத் தீபாவளி முடிந்து கணவனும் மனைவியும் பினாங்கு போயிருந்து, ஊருக்குத் திரும்பக் கிளம்பிய காலையில்தான் தண்ணீர் நின்றிருந்தது. மாடித் தொட்டியைக் கழுவுவதாக லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இராமகிருஷ்ணன் லிஃப்டில் கண்ணாடியைத்தான் பார்ப்பார். முகமெல்லாம் சோப்பு நுரையோடு குளியலறையில் நின்று ஒவ்வொரு குழாயாகத் திருகினார். காற்றுத்தான் வந்தது. சிவகாசியில் முனிசிபாலிட்டித் தண்ணீர் எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல் வரும். அதனால் அங்கே குழாயை மூடி வைக்கிற குடும்பம் கிடையாது. குழாய் திறந்தே கிடக்கும், அடியில் குடம் இருக்கும். சத்தம் கேட்டால் வீடே எழுந்து ஓடும். கம்பெனி முதலாளியாகி, காரும் சம்ப்பும் போர்வெல்லும் வந்த பிறகும் அந்தக் கை மாறவில்லை. குளிக்கிற தொட்டியின் ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்து, குழாயை முழுக்கத் திறந்து வைத்தார். "வந்தா விளுகட்டும். ரொம்புனா நல்லதுதான்" என்றார். நுரையைத் துண்டால் துடைத்து, துண்டைத் தரையில், தண்ணீர் போகும் ஓட்டை மேலேயே எறிந்தார்.

தண்ணீர் வருவதற்குள் டாக்சி வந்துவிட்டது.

"குளாயெல்லாம் பாத்தீகளா?" என்று சொர்ணலட்சுமி கேட்டாள்.

"எல்லாம் பாத்தாச்சு, நட."

அவர் பார்த்தது பூட்டைத்தான். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுபோன திண்டுக்கல் பூட்டு, ஒரு தேங்காய் கனம், வெளிக் கம்பிக் கதவில் தொங்கியது. காவலாளி அதைப் பார்த்துவிட்டு இன்னொரு காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டினான். ஒரு சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். "சாவியக் குடுத்தா மறுநாளே உள்ள ஆள வச்சிருவான்" என்று இரண்டு சாவியையும் ஊருக்கே கொண்டுவந்து பூஜை அறையில் மாட்டிவிட்டார். பினாங்கில் கதவுக்கு வெளியே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. உள்ளே கம்பெனி காலண்டர், ஆளில்லாத ஹாலுக்குத் தேதி காட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சங்கிலிமுத்து வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இராமகிருஷ்ணனின் செல்போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும், "மலேசியா கால் மச்சான்" என்று சொல்லி, மச்சானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"எஸ், இராமகிருஷ்ணன் ஸ்பீக்கிங். வாட் மேட்டர்? டெல்."

"தமிழ்லயே பேசுங்க சார்" என்றது அந்தக் குரல். "கொண்டோ ஆபீஸ்லருந்து பேசறேன். உங்க யூனிட்ல தண்ணி ஓடி வழிஞ்சிருக்கு."

"எங்க யூனிட்லயா? நாங்கதான் அங்கன இல்லியே."

"அதான் சார் பிரச்சினை. உங்களுக்கு நேர் கீழ வீடும் யாரும் இல்லாம பூட்டிக் கிடக்கு, ஜப்பான்காரரோடது. அதனால யாருக்கும் தெரியல. அதுக்கும் கீழ ஒரு சீனப் பாட்டி தனியா இருக்காங்க. நேத்து அவங்க அடுப்படில சீலிங் பேந்து விழுந்திருச்சு. நல்லவேளை, அவங்க ஹால்ல இருந்தாங்க. வெளிய மீட்டர்ல வால்வை அடைச்சிட்டோம். ஆனா உள்ள நிக்கிற தண்ணி இன்னும் இறங்குது. கதவத் திறக்கணும். அந்தப் பூட்டு என்ன பூட்டு சார்? ரெண்டு பேர் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க."

சங்கிலிமுத்து இட்லியை வாயருகே வைத்துக்கொண்டு, "திண்டுக்கல்லுல்லா!" என்றார்.

இராமகிருஷ்ணன் ஸ்பீக்கரை அணைக்கப் பொத்தானைத் தேடினார். கிடைக்கவில்லை.

"குழாயத் திறந்து வச்சிட்டுப் போனீங்களா சார்?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நம்ம வீட்டுக்காரிதான். பட்டிக்காடு, வெவரம் பத்தாது. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல."

சொர்ணலட்சுமி கையில் சட்னிக் கிண்ணத்தோடு நின்றாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. முப்பது வருஷத்தில் இப்படி எத்தனையோ அவள் தலையில் ஏறியிருக்கிறது: தவறிய ஆர்டர், உப்பு கூடிய விருந்து, கெட்டுப்போன சம்பந்தம். ஏற்றுகிறவருக்கு அதில் சிரமமே கிடையாது என்பதுதான் அவளுக்கு வியப்பு.

"இங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா? பொறுப்பா வந்து நின்னாங்கன்னா பூட்ட அறுத்துடலாம். பாட்டியையும் பாத்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"இருக்கு, இருக்கு. அஞ்சு நிமிசத்துல கூப்பிடுதேன்" என்று வைத்தார் இராமகிருஷ்ணன். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "ஏளா, ஒன் கூட்டாளி மக அங்கனதான இருக்கு? டீச்சருக்குப் போனப் போடு."

"எந்த டீச்சருக்கு?"

"எத்தன டீச்சர் வச்சிருக்க? ஆரோக்கியத்துக்குத்தான்."

"அன்னைக்கு அந்தப் பிள்ளை ஆகாதுன்னீகளே."

"அது தங்குறதுக்கு. இது வேலைக்கு."

சங்கிலிமுத்து கை கழுவ எழுந்தார். "மாப்ள, ஒன்ன மாதிரி ஆளு வேணும்யா நாட்டுக்கு" என்றார். பாராட்டு என்று நினைத்து இராமகிருஷ்ணன் தலையாட்டினார்.

சொர்ணலட்சுமி ஹாலில் இருந்த தொலைபேசியில் ஆரோக்கியத்தின் எண்ணைப் போட்டாள். ஒரு வருஷமாகப் பேசாத குரலிடம் முதல் வார்த்தையாக இதைக் கேட்க வேண்டியிருந்தது. தண்ணீர் வழிந்ததைச் சொன்னாள். மறுமுனையில் ஒரு குத்தல் வந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஆரோக்கியம் குத்தவில்லை.

"நைட் டூட்டி முடிச்சுட்டு இப்பத்தான் படுத்திருப்பா, லட்சுமி. பரவால்ல, எழுப்பிப் போகச் சொல்லுதேன். ரூம்ல எட்டுப் பேரு, போன் எடுக்கத்தான் லேட்டாகும். அட்ரசைச் சொல்லு."

"வாராளாமா?" என்றார் இராமகிருஷ்ணன் பக்கத்தில் வந்து. "பாத்தியா, கூப்பிட்டா வருவாக. தண்ணியெல்லாம் சுத்தமாத் தொடச்சு எடுக்கச் சொல்லு. அந்தச் சீனக் கெழவிட்ட, வீட்டுக்காரம்மா தெரியாமத் தொறந்துட்டாகன்னு சொல்லச் சொல்லு." அவர் போக எடுத்த காலைத் திருப்பி வைத்தார். "அப்பறம், சோபால உக்காந்துற வேண்டாம்னு சொல்லு. புதுசு."

ரிசீவரை அவள் பொத்தவில்லை. பொத்த வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

"ஆரோக்கியம்" என்றாள் சொர்ணலட்சுமி. "பிள்ளை தூங்கட்டும். எழுப்பாத."

ரிசீவரை வைத்துவிட்டு மேசையிலிருந்த அவருடைய செல்போனை எடுத்தாள். கடைசியாக வந்த எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கர் இன்னும் அணையாமல்தான் இருந்தது.

"நான் சொர்ணலட்சுமி பேசுதேன். அந்த வீட்ல என் பேரும் இருக்குல்லா?"

காகிதம் புரளும் சத்தம். "இருக்கும்மா. உங்க பேருதான் முதல்ல இருக்கு."

"அப்ப நான் சொல்லலாமா?"

"தாராளமாம்மா."

"ஏளா, போனக் குடு" என்று இராமகிருஷ்ணன் கையை நீட்டினார். சங்கிலிமுத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "இருய்யா மாப்ள, இன்டர்நேசனல் கால். ஊடால பேசக் கூடாது."

"பூட்ட அறுங்க தம்பி. கம்பிக் கதவையே அறுக்கணும்னாலும் அறுங்க. குளாயத் தொறந்தது நான் இல்ல, எங்க வீட்டுக்காரரு. தொட்டிக்கு மூடியப் போட்டதும் அவருதான். கெளம்புறப்ப நான் கேட்டேன், பாத்தாச்சுன்னாரு. இந்த வாரமே அவரு அங்கன வாராரு. அந்தப் பெரியம்மாகிட்ட அவரே வந்து சொல்லுவாரு. வேற யாரும் எங்களுக்கு அங்கன கெடையாது."

"சரிம்மா" என்றது குரல், சிரிப்பை அடக்கியபடி.

போனை வைத்ததும் இராமகிருஷ்ணன் ஆரம்பித்தார். குடும்ப மானம் போச்சு என்றார், வெளிநாட்டுக்காரன் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாள் என்றார், கம்பெனி திறக்கிற பூஜையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார். அடுப்படிக் கூரை பெயர்ந்து விழுந்த கிழவி அதில் எங்கேயும் வரவில்லை. சொர்ணலட்சுமி சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை அவர் போனார். போகிற வழியிலேயே, மலேசியாக்காரன் கட்டிய கட்டடமே சரியில்லை, பைப் வெடித்துவிட்டது என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அவர்கள் தலையாட்டினார்கள். வீடு வாங்கிய செய்தியைக் கேட்டபோதும் இப்படித்தான் ஆட்டினார்கள்.

அன்று சாயங்காலம் சொர்ணலட்சுமி டவுன் பஸ் பிடித்து ஆமத்தூரில் இறங்கினாள். கார் வீட்டில்தான் நின்றது. அதில் போய் அந்த வாசலில் இறங்க அவளுக்குக் கூசியது. ஆரோக்கியம் கதவருகே நாற்காலி போட்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு அவரு சொன்னது கேட்டுச்சா?" என்றாள் சொர்ணலட்சுமி, வாசற்படிக்கு வெளியே நின்றபடி.

"கேட்டுச்சு."

"அதுக்கு முந்தி சொன்னதுக்கும் நான் வாயத் தொறக்கல. நீ கேக்க வந்த அன்னைக்கு."

"தெரியும். பக்கத்துலதான நின்ன." ஆரோக்கியம் சிவப்புப் பேனாவை மூடினாள். "சோபால உக்காரக் கூடாதாம். எம் பிள்ள எங்க உக்காந்தா லட்சுமி? பன்னெண்டு மணி நேரம் நிக்கா. காலு வீங்கிப்போய் போட்டோ அனுப்பியிருக்கா."

செருப்பைக் கழற்றலாமா கூடாதா என்று சொர்ணலட்சுமிக்குத் தெரியவில்லை. தெருவில் வேறொரு பட்டாசுக் கம்பெனியின் வேன் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. மருந்துத் தூசி படிந்த பெண்கள் இவளைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள்.

உள்ளே வா என்று சொல்ல ஆரோக்கியத்துக்கு நேரமானது. அவசரமில்லாமல் தாள்களை அடுக்கினாள், நூலால் கட்டினாள், அப்புறம்தான் சொன்னாள்.